மேல்மாடிக்கு விட்ட கம்பிகள்

அன்பு மகன் சுதனுக்கு,

அப்பா ஏன் திடீரென்று கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. தொலைபேசியில் உன்னோடு கதைக்கத் தொடங்கினால், நான் கேட்க வந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். குளிர் எப்படி, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளா, வேலை எப்படி என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் உனக்கு வேலைக்கு இறங்கும் நேரம் வந்துவிடுகிறது. அதனால்தான் உன் பழைய கொப்பி ஒன்றில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவேன். எழுத்து கோணலாகத் தெரிந்தால் பெரிதாக்கிப் பார்.

விஷயம் நம் வீட்டுக் கூரை, அந்தக் கொங்கிறீற் சிலாப். போன மாதம் மழை தொடங்கிய கிழமை, ஒரு நாள் பின்னேரம் நாலு மணியிருக்கும், எங்கள் படுக்கை அறையில் மேலேயிருந்து ஒரு கொங்கிறீற் துண்டு பெயர்ந்து விழுந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். விழுந்த இடம் அம்மாவின் தலையணை. அந்த நேரத்தில் அம்மா வழக்கமாகக் கொஞ்சம் சரிந்து படுப்பார் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு யாரோ தந்த மரவள்ளிக் கிழங்கு பழுதாகிவிடும் என்று அவித்துக்கொண்டு குசினியில் நின்றார். சத்தம் கேட்டு இரண்டு பேரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். தலையணையைப் பார்த்தோம், மேலே பார்த்தோம், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கட்டிலை அந்த அறையிலேயே விட்டுவிட்டு, முன் ஹோலில் மெத்தையைப் போட்டுப் படுக்கிறோம். இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொன்னார். நானும் சரி என்றேன். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியவில்லை.

துறைமுகத்தில் முப்பது வருடம் நான் பார்த்த வேலை என்ன? கப்பலில் நனைந்து வந்த சரக்கைப் பார்த்து, தண்ணீர் எங்கிருந்து உள்ளே வந்தது, அது கடல் தண்ணீரா, மழைத் தண்ணீரா, குழாய் வெடித்து வந்ததா என்று அறிக்கை எழுதுவது. சாக்கை முகர்ந்தே சொல்லிவிடுவார் என்று எனக்கொரு பெயர்கூட இருந்தது. அந்த மனிதனுக்குத் தன் வீட்டுக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மூன்று வருடமாகத் தெரியவில்லை. சிரிக்க வேண்டுமானால் சிரி, அம்மா நாள்தோறும் சிரிக்கிறார். தண்ணீர் சொட்டியது மின்விசிறிக் கொக்கியடியில். ஆகவே நான் அதற்கு நேர் மேலே, மொட்டை மாடியில், ஓரிடம் விடாமல் தார் பூசினேன். அடுத்த மழைக்கும் சொட்டியது. தாரைச் சுரண்டிவிட்டு வெள்ளைப் பூச்சு அடித்தேன். அதற்கும் சொட்டியது. காலி வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பஸீர் நானா புதிதாக வந்த ரப்பர் பூச்சு ஒன்றைத் தந்தார். அதையும் இரண்டு கை அடித்தேன். அம்மா சொட்டுக்கு வைத்த வாளியை இடம் மாற்றவேயில்லை, அவருக்கு என்னை விட வாளியில் நம்பிக்கை.

கடைசியில் பஸீர் நானாவே வீட்டுக்கு வந்து மேலே ஏறிப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் கதையைச் சுற்றி வளைக்கத் தெரியாது. "சேர், நீங்க ஏன் இதப் போட்டு மண்டைய ஒடச்சிக்கிறீங்க? பைப் அடிச்சி மேல தகரத்தப் போட்டு மூடிட்டா வேல முடிஞ்சி. இந்த லேன்ல பாருங்க, எல்லாரும் அதத்தானே செஞ்சீக்கிறாங்க" என்றார். உண்மைதான். நம் ஒழுங்கையில் அரைவாசி மொட்டை மாடிகளுக்கு மேலே இப்போது தகரம்தான். நானும் சரியென்று தலையாட்டினேன். அவர் இறங்கும்போது திரும்பி நின்று, "ஆனா தூணுக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கிற அந்தக் கம்பியெல்லாம் வெட்டணும் சேர், இல்லாட்டித் தகரம் ஒக்காராது" என்றார். அந்தக் கணமே எனக்குத் தகரம் பிடிக்காமல் போய்விட்டது. தகரம் போட்டால் வெயிலுக்கு வீடு அவியும், கடற்காற்றுக்கு இரண்டு வருடத்தில் துரு பிடிக்கும் என்று அம்மாவிடம் ஒரு மணித்தியாலம் விளக்கினேன். அம்மா பேப்பர் வாசித்துக்கொண்டே கேட்டார்.

பிறகுதான் செல்வம் பாஸைக் கூப்பிட்டேன். ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வரும் மேசன். என்னை விடப் பத்து வயது இளமை, என்னை விட நூறு மடங்கு பொறுமை. அவர் பூச்சு எதையும் பற்றிக் கதைக்கவில்லை. சிலாப்பின் மேலே சீமெந்துக் கலவையால் சின்னச் சின்ன வரம்பு கட்டி, அதைப் பாத்திகளாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு பாத்தியில் மட்டும் தண்ணீர் விட்டார். வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தை அந்தத் தண்ணீரில் கரைக்கச் சொன்னார். முதல் நாள் மின்விசிறிக்கு மேலே இருக்கும் பாத்தி. ஒரு சொட்டும் கீழே வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள், அறைக்கே சம்பந்தமில்லாத வடக்கு மூலைத் தூணடியில் நீலத்தண்ணீர் விட்டோம். அடுத்த நாள் காலை நான் பல் தீட்டிக்கொண்டிருக்க, அம்மா அறைக்குள்ளிருந்து கத்தினார்: "இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ, நீலம் வருது!" ஓடிப்போனேன். வாளியில் நீலத் தண்ணீர். மூன்று வருடமாக நான் தார் பூசிய இடத்துக்கும் அந்தத் தூணுக்கும் இடையில் பன்னிரண்டு அடி இருக்கும்.

செல்வம் பாஸ் வந்து விளக்கினார். "சேர், சிலாப்புல மேல எங்கயும் வெடிப்பு இல்ல. தூணுல நீட்டிக்கிட்டு நிக்கிற கம்பிதான் துருப் புடிச்சி, சுத்திவர வாய் பொளந்து கெடக்கு. அதுக்குள்ளால தண்ணி எறங்கி, கரண்ட் வயர் போற பைப்புல ஏறி, ஃபேன் கிட்ட போய் விழுது. அந்த ஈரத்துலதான் துண்டும் பேந்து விழுந்திருக்கு. நாலு தூணும் அப்பிடித்தான்." அந்த நாலு தூண் கம்பிகளைப் பற்றி இந்த வீட்டில் உனக்கும் எனக்கும் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

பழைய ஓட்டுக் கூரையைக் கழற்றிச் சிலாப் போட்டபோது உனக்குப் பதினாலு வயது. போட்ட பிறகு இருபத்தொரு நாள் அதன் மேலே தண்ணீர் நிற்க வேண்டும் என்று, காலையில் பள்ளிக்கூடம் போக முதல் நீதான் குழாய் பிடித்தாய், காற்சட்டை நனைந்துவிட்டது என்று தினமும் முறைப்பாடு. அப்போது வேலை செய்த மேசன் ஒரு புத்தி சொன்னார். தூண் கம்பிகளைச் சீமெந்துக் கலவையால் மூடிவிடுங்கள், மேலே கட்டுகிற காலத்தில் உடைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நாலைந்து வருஷத்தில் மேலே கட்டப்போகிறோம், பிறகு ஏன் மூடி உடைக்க வேணும்?" என்றேன். மேலே கட்டுவது யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. நீ படித்து முடிப்பாய், வேலைக்குப் போவாய், கலியாணம் கட்டுவாய், மேலே இருப்பாய். உன் அறையின் யன்னல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுகூட என் தலைக்குள் முடிவாகியிருந்தது. அதை உன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

கம்பியை மழையிலிருந்து காப்பாற்ற நான் கண்டுபிடித்த வழிதான் தயிர்ச் சட்டி. எருமைத் தயிர் வாங்கும் மண்சட்டியைக் கழுவி, ஒவ்வொரு கம்பிக் கட்டின் தலையிலும் கவிழ்த்து வைத்தேன். உடைந்தால் மாற்றுவேன். மாற்றுவதற்காகவே தயிர் வாங்கியிருக்கிறேன். ஒழுங்கையில் நம் வீட்டுக்குத் தயிர்ச்சட்டி வீடு என்று பெயர் வந்தது. முன் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் அது கண்ணூறு கழிக்க வைத்தது என்று நினைத்து, எந்தக் கோயிலில் சொன்னார்கள் என்று அம்மாவிடம் கேட்டார்களாம். உன் சிநேகிதர்கள் கேலி செய்கிறார்கள், எடுத்துவிடுங்கோ என்று நீயும் ஒருமுறை கெஞ்சினாய். எடுக்கவில்லை. கடற்கரைக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு, உப்புக் காற்று பக்கவாட்டில் வரும் என்பதை நினைத்துப் பார்க்காமல், மேலேயிருந்து வரும் மழைக்கு மட்டும் சட்டி கவிழ்த்தவன் நான். இதையே வேறொருவன் தன் சரக்குக்குச் செய்திருந்தால், கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதியிருப்பேன்.

நீலம் வந்த அன்றைக்கு செல்வம் பாஸ் ஒரு சட்டியைத் தூக்கிவிட்டு, கம்பியைச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளே பென்சில் தடிப்பில் ஒன்று மிஞ்சியது. "சேர், மேல கட்டுற ஐடியா இருக்கா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், படியில் தேத்தண்ணீரோடு ஏறி வந்துகொண்டிருந்த அம்மா, "இல்லை பாஸ், ஒருத்தரும் வரப்போறேல்லை. வெட்டுங்கோ" என்றார். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "நீர் சும்மா இரும்! மகனைக் கேக்காமல் வெட்டேலாது" என்று, மேசனுக்கு முன்னால், சத்தம் போட்டேன். அம்மா தேத்தண்ணீரைச் சுவரில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். செல்வம் பாஸ் பாவம், என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். இந்தக் கம்பி இனி ஒரு கதிரையைக்கூடத் தாங்காது, பிறகு கட்ட நினைத்தால் தூணில் துளை போட்டுப் புதுக் கம்பி நடலாம் என்றார். மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

அதற்காகத்தான், நேற்றல்ல, அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நான் உன்னை அழைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், சிலாப் ஒழுகுது என்று மட்டும்தான் சொன்னேன். நீ உடனே உசாராகிவிட்டாய். "அப்பா, நானும் இப்பதான் கூரை மாத்தினனான், பொறுங்கோ காட்டுறன்" என்று வெளியே போய், தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து, உன் வீட்டுப் புதுக் கூரையைக் காட்டினாய். நல்ல கூரை. ஒவ்வொரு ஓடும் ஒரே அளவு. "இருபத்தைஞ்சு வருஷ கேரண்டி அப்பா. இனி எனக்குக் கூரையைப் பற்றி யோசனையே இல்லை" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் நல்லது மகன், நல்ல வேலை என்றேன். பிறகு குளிர் எப்படி என்று கேட்டேன். வைத்துவிட்டு இருந்த கதிரையிலேயே இருந்தேன்.

"கேட்டனீங்களோ?" என்று அம்மா கேட்டார். கேட்டேன் என்றேன். "என்ன சொன்னவன்?" யோசித்துச் சொல்கிறானாம் என்றேன். அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார், நீ கதைத்தது முழுவதும் அவருக்குக் கேட்டிருக்கும். "அவன் தன்ர கூரையைப் பற்றித்தானே கதைச்சவன்" என்றார், கோபமாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவன் இனி அங்கதான் எண்டு உங்களுக்கு இப்பதானோ விளங்கினது?" என்றும் கேட்டார். நான் அதற்குப் பிறகும் திருந்தவில்லை. அடுத்த நாள் செல்வம் பாஸ் அழைத்தபோது அவரிடமும் அதே பொய்யைச் சொன்னேன்: மகன் யோசித்துச் சொல்கிறானாம். ஆகவே ஒரு மேசன் நீ யோசித்து முடிப்பதற்காகக் காத்திருந்தார். நீ எதை யோசிக்க வேண்டும் என்பதே உனக்குத் தெரியாது. இந்த வியாழக்கிழமையை விட்டால் வேறு வேலைக்கு வத்தளைக்குப் போய்விடுவேன், பிறகு மழை கூடிவிடும் என்று சொல்லிவிட்டார்.

சுதன், இன்னொன்றும் இருக்கிறது. நீ வெளிநாட்டுக்கு வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பின்னேரம் மேலே வந்தாய். நான் சட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். நீ கொஞ்ச நேரம் கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அப்பா, நான் போகாமல் நிக்கட்டே?" என்று கேட்டாய். அந்த யுத்த காலம் எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ பஸ்ஸில் வர அரை மணித்தியாலம் பிந்தினால் அம்மா கேற்றடியில் நிற்பார், அடையாள அட்டையை எடுத்தாயா என்று நாளுக்கு மூன்று தரம் கேட்போம். நான் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ போ. இது எல்லாம் இஞ்சதான் நிக்கும்" என்றேன். நீ தலையாட்டிவிட்டு இறங்கினாய். அந்தப் பதில் சரியா பிழையா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. பயத்தில் உன்னைப் போகச் சொன்னேன், அது நிச்சயம். ஆனால் நீ இல்லை அப்பா, நான் நிற்கிறேன் என்று அடம் பிடிப்பாய் என்றும் மனதுக்குள் எதிர்பார்த்தேன். அனுப்பியதும் நான், அதற்குப் பிறகு இத்தனை வருடம் உனக்காகக் கம்பியை மூடி வைத்துக்கொண்டு மனதுக்குள் உன்னோடு கோபித்துக்கொண்டதும் நான். நீ நான் சொன்னதைத்தான் செய்தாய். அப்படியிருக்க யாரோடு கோபிப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

புத்தியுள்ள எவனும் இதில் குழம்ப மாட்டான் என்று எனக்குத் தெரியும். கம்பி உக்கிவிட்டது. நீ நாளைக்கே வந்து இறங்கினாலும் அதன் மேல் எதையும் கட்ட முடியாது. அம்மா தன் கட்டிலில் படுக்க வேண்டும். இவ்வளவும் சரி. ஆனால் காலையில் வெட்டுவோம் என்று எழும்புகிறேன், பின்னேரம் மேலே ஏறி நின்றால் மனம் கேட்கவில்லை. ஒரு நாள் மூன்று தூணை வெட்டிவிட்டு ஒன்றை மட்டும் விடலாமா என்றுகூட யோசித்தேன், அதை செல்வம் பாஸிடம் எப்படிக் கேட்பது என்ற வெட்கத்தில் விட்டேன். எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்குப் போவோம் என்று அம்மாவிடம் சொன்னேன். "அங்க கூரை ஒழுகினா மேல் வீட்டுக்காரரோட சண்டை பிடிப்பீங்கள்" என்றார். அதுவும் உண்மைதான்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி இந்தக் கடிதத்துக்குப் பிறகு எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் அப்பன் என்றால் சொல்லாமல் இருக்க முடியாது. உன் மகளுக்கு இப்போது ஏழு வயது. அவளுக்காக நீ எதை நினைத்து வைத்திருந்தாலும் அதை அவளிடம் சொல்லு, அவள் முகத்தைச் சுளித்தாலும் சொல்லு. அவள் உன்னிடம் நிற்கட்டுமா போகட்டுமா என்று கேட்கும் நாள் வந்தால், கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லு. எனக்கு அன்றைக்கு அந்தச் சட்டியைக் கீழே வைக்கக்கூடத் தெரியவில்லை.

இன்றைக்குத் திங்கட்கிழமை. செல்வம் பாஸை வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்குவதற்கு முதலே சொல்லிவிட்டேன். வெட்டும் மெசினையும் கொண்டுவரச் சொன்னேன். அம்மாவுக்கும் சொன்னேன். ஆகவே உன்னிடம் உத்தரவு கேட்பதற்காக இதை எழுதவில்லை. நீ வருகிறேன் என்று சொன்னாலும் வியாழக்கிழமை வெட்டத்தான் போகிறோம். நான் உன்னிடம் கேட்பது வேறு. இத்தனை வருடத்தில் நீ ஒரு நாளும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. என் மனம் நோகும் என்று விட்டிருப்பாய். நானும் நீ வருவாயா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்ற பயம். இப்போது கேட்கிறேன். நீ இங்கே வந்து இருப்பாயா, மகன்? உன் பதில் எனக்குத் தெரியும், ஆனாலும் அதை அம்மாவிடமிருந்தோ மேசனிடமிருந்தோ உன் கூரையிடமிருந்தோ கேட்க எனக்கு விருப்பமில்லை. வியாழக்கிழமைக்கு முதல் ஒருமுறை அழைத்து, "இல்லை அப்பா" என்று நீயே சொல்லிவிடு. நான் அழுதாலும் வைத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா